நில்லாது நடந்த இசைஞர்: ஜான் கோல்ட்ரேன்

நம் சங்க மலரில் பெரியோர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு இடம்பெறுவது வழக்கம். புலவர், விஞ்ஞானி, நாட்டுத் தொண்டர் எனப் பலரைப் பற்றி நண்பர்கள் எழுதியிருக்கிறார்கள். இவ்வாண்டு அப்பணி என்னிடம் வந்தது. நான் பௌதிகம் பயிலும் எம்.எஸ்ஸி. மாணவன். ஆகவே ஒரு விஞ்ஞானியைத்தான் தேர்ந்தெடுப்பேன் என்று மலர்க் குழுவினர் எதிர்பார்த்திருப்பார்கள். நான் தேர்ந்தெடுத்தவரோ அமெரிக்காவில் பிறந்து, சாக்ஸபோன் ஊதிப் புகழ் பெற்று, நாற்பது வயதில் மறைந்த ஓர் இசைஞர். ஜான் கோல்ட்ரேன் என்பது அவர் பெயர்.

சாக்ஸபோன் நமக்கு அந்நியமான வாத்தியம் அன்று. காலஞ்சென்ற கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக சங்கீதம் வாசித்து, தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் அதற்கு ஓர் இடம் தேடித் தந்தார். கோல்ட்ரேனின் பெயர் அந்த அளவுக்கு நம்மிடையே பரவவில்லை. பரவியிருக்கும் இடங்களிலும் ஒரு வழக்கு அவரைத் தொடர்ந்து வருகிறது. வாழ்நாளின் கடைசி இரண்டு மூன்று ஆண்டுகளில் அவர் பதிவு செய்த தட்டுகள் இசையா, இரைச்சலா என்பதே அவ்வழக்கு. ஷில்லாங்கிலிருந்து வந்து படிக்கும் நண்பர் ஒருவர் அந்தத் தட்டுகளை எனக்கு அறிமுகம் செய்தது முதல், எங்கள் விடுதியின் இரண்டாம் மாடியிலும் அவ்வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. இரைச்சல் என்று வாதிப்பவர்களில் பெரும்பாலோர் நம் சங்க உறுப்பினர்கள்! இதில் எனக்கென்று ஒரு தீர்ப்பு உண்டு. தீர்ப்புக்கு முன்னே சாட்சியம் வேண்டும் அன்றோ? கோல்ட்ரேனின் வாழ்க்கையே அந்தச் சாட்சியம்.

இளமை

வட கரோலினா மாநிலத்தில் ஹாம்லெட் என்னும் சிற்றூரில் 1926-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் நாள் கோல்ட்ரேன் பிறந்தார். அவர் கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் அதே மாநிலத்து ஹை பாயிண்ட் நகரில் குடியேறியது. தந்தையார் தையற்காரர், ஓய்வு நேரங்களில் வயலின் முதலிய வாத்தியங்களை வாசிப்பார். தாயாரும் இசை அறிந்தவர். தாய்வழிப் பாட்டனார் கறுப்பின மக்களின் மெதடிஸ்டு திருச்சபையொன்றில் போதகர். பள்ளிக்கூடம் முதல் பேருந்து இருக்கை வரை நிற வேற்றுமை சட்டமாகவே இருந்த காலம் அது. அத்தகைய ஊரில் ஒரு கறுப்பினச் சிறுவனுக்குத் தேவாலயமே பாட்டுக்கும் நம்பிக்கைக்கும் புகலிடமாக இருந்தது.

பன்னிரண்டு வயதில் அச்சிறுவன்மீது இடி விழுந்தது. 1938-ஆம் ஆண்டின் முடிவிலும் 1939-இன் தொடக்கத்திலுமாகச் சில மாதங்களுக்குள் பாட்டனார், தந்தையார், பாட்டியார் மூவரும் மறைந்தனர். வீட்டின் ஆண் துணை முற்றும் போயிற்று. தாயார் வேலைக்குப் போகத் தொடங்கினார். அந்த நாட்களில்தான் பையன் ஊர் வாத்தியக் குழுவில் சேர்ந்து கிளாரினெட் ஊதக் கற்றான். பிறகு சாக்ஸபோனுக்கு மாறினான். ஓயாத சாதகம் அப்போதே தொடங்கிவிட்டது. துக்கம் அடைந்த பிள்ளைகள் சிலர் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். இப்பிள்ளை குழலைக் கையில் எடுத்துக்கொண்டான்.

1943-இல் உயர்நிலைப் பள்ளிப் படிப்பு முடிந்ததும் அவர் வடக்கே பிலடெல்பியா நகருக்குப் போனார். பிழைப்புக்குச் சர்க்கரை ஆலையில் வேலை. அதனோடு இசைப் பள்ளியில் பாடம். 1945 ஜூன் மாதம் சார்லி பார்க்கர் என்னும் மேதை ஊதக் கேட்டார். அதுவரை தாம் பயின்றது அனைத்தும் அரிச்சுவடி என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். அவ்வாண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தார். ஹிரோஷிமா நகரின்மீது அணுகுண்டு விழுந்த நாளும் அதுவே. ஹவாய்த் தீவில் ஓராண்டு பணி. அங்கும் கடற்படை வாத்தியக் குழுவில் ஊதும் வேலைதான் வாய்த்தது.

ஜாஸ் என்பது யாது?

மேலே செல்லுமுன் ஜாஸ் இசையைப் பற்றி இரண்டொரு சொற்கள் கூறுவது நலம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே வளர்ந்த இசை அது. அதன் உயிர்நிலை மனோதர்மம். ஒரு பாட்டின் மெட்டை முதலில் வாசிப்பார்கள். பிறகு அம்மெட்டின் அடியிலே ஓடும் சுரக்கூட்டுகளின் வரிசையை விடாமல் பற்றிக்கொண்டு, ஒவ்வொருவராகக் கற்பனை செய்வார்கள். முடிவில் மெட்டுக்குத் திரும்புவார்கள். பல்லவியை எடுத்து நிரவலும் சுரமும் பாடி மீண்டும் பல்லவிக்கு வருவதை இதற்கு ஒருவாறு ஒப்பிடலாம். வேற்றுமை ஒன்று உண்டு. நம் கற்பனை இராகத்தின் எல்லைக்குள் நடப்பது. அவர்கள் கற்பனை சுரக்கூட்டுகளின் வரிசைக்குள் நடப்பது. இந்த வரிசையே வேண்டாம், தாளத்தின் சீரான அடியும் வேண்டாம் என்று 1959-ஐ ஒட்டிச் சிலர் துணிந்தனர். ஆர்னெட் கோல்மன் அவர்களில் முன்னின்றவர். அவ்வாறு பிறந்ததே கட்டற்ற ஜாஸ்.

வீழ்ச்சியும் எழுச்சியும்

படையிலிருந்து திரும்பிய கோல்ட்ரேன் பல குழுக்களில் கூலிக்கு ஊதினார். 1947-இல் எடி வின்சன் குழுவில் இருந்தபோது டெனர் சாக்ஸபோனைக் கையில் எடுத்தார். 1949-இல் டிஸ்ஸி கில்லஸ்பியின் குழுவில் இடம் கிடைத்தது. திறமை வளர்ந்தது, கூடவே ஹெராயின் பழக்கமும் குடியும் வளர்ந்தன. அக்காலத்து ஜாஸ் உலகில் பலரைத் தின்ற நோய் அது. ஜானி ஹாட்ஜஸ் என்பவரின் குழுவிலிருந்து 1954-இல் இப்பழக்கத்தால் விலக்கப்பட்டார்.

1955-இல் மைல்ஸ் டேவிஸ் அவரைத் தம் ஐவர் குழுவுக்கு அழைத்தார். அப்போது கோல்ட்ரேனுக்கு வயது 29. உலகம் அவர் பெயரை அறிந்தது அதற்குப் பிறகே. இருபதில் புகழ் பெறும் மேதைகள் நிறைந்த துறையில் அவர் நின்று நிதானமாகப் பழுத்த கனி. இந்த வாய்ப்பையும் போதை பறித்தது. மேடையிலே தூங்கி விழுபவரை எத்தனை நாள் வைத்துக்கொள்வது? 1957-இல் டேவிஸ் அவரை அனுப்பிவிட்டார்.

அந்த வசந்த காலத்தில் கோல்ட்ரேன் பிலடெல்பியாவில் தாயாரும் மனைவி நயிமாவும் இருந்த வீட்டுக்கு வந்து, போதையை ஒரேயடியாக விட்டார். மருத்துவமனை இல்லை, மாற்று மருந்து இல்லை. ஓர் அறை, குடிக்கத் தண்ணீர், தாயும் மனைவியும் காவல். அவ்வறையிலிருந்து வெளிவந்தபோது இறையருளால் தாம் விழித்தெழுந்ததாக அவர் உணர்ந்தார். தம் இசையால் பிறருக்கு மகிழ்வளிக்கும் வரம் ஒன்றையே அன்று வேண்டியதாகப் பின்னாளில் எழுதினார். இந்த நிகழ்ச்சியை நான் சற்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிற்காலத் தட்டுகளைக் கேட்டுவிட்டு, இவை போதையில் பிறந்த பிதற்றல் என்று ஒதுக்குவோர் இருக்கிறார்கள். தேதிகளைப் பாருங்கள். அவர் பெயரை நிலைநாட்டிய படைப்புகள் எல்லாம் ஹெராயினைக் கைவிட்ட பிறகு வந்த பத்தாண்டுகளில் எழுந்தவை.

அதே ஆண்டு தெலோனியஸ் மங்க் என்னும் பியானோ மேதையுடன் நியூயார்க்கின் ஃபைவ் ஸ்பாட் விடுதியில் மாதக்கணக்கில் வாசித்தார். சுரக்கூட்டுகளின் உள்ளமைப்பை மங்க் அவருக்குப் பாடம்போல் விளக்குவார். ஒரு மூச்சில் சுரங்களை அருவியாகக் கொட்டும் பாணி அப்போது உருவாயிற்று. 1958-இல் டேவிஸ் மீண்டும் அழைத்துக்கொண்டார்.

அவருடைய சாதகத்தைப் பற்றிக் கேட்டால் நம் பக்கத்துப் பழைய வித்துவான்களின் கதை கேட்பது போலிருக்கும். கச்சேரிக்கு முன்னும் ஊதுவார், பின்னும் ஊதுவார், இடைவேளையிலும் ஓர் ஒதுக்கிடம் தேடி ஊதுவார். இரவில் அயலார் உறக்கம் கெடுமென்று, காற்றைச் செலுத்தாமல் விரல்களை மட்டும் ஓட்டிப் பழகுவார். நிக்கொலாஸ் ஸ்லோனிம்ஸ்கி தொகுத்த சுரவரிசை அகராதியைப் பாடப்புத்தகமாக வைத்துக்கொண்டிருந்தார். நாம் தேர்வுக்கு முன் கணித அட்டவணையைப் புரட்டுவது போல, அவர் அந்நூலை ஆண்டு முழுவதும் புரட்டினார்.

அச்சாதகத்தின் பலன் 1959 மே மாதம் பதிவான 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்'. இதன் அமைப்பு கணக்குப் பிரியர்களுக்கு விருந்து. ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு சுர ஸ்தானங்கள் உள்ளன. அதை மூன்று சம பாகமாக்கினால் நான்கு நான்கு ஸ்தானங்களாகப் பிரியும். நம் முறையில் சொன்னால், ஷட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம். அங்கிருந்து சுத்த தைவதம். அங்கிருந்து மேல் ஷட்ஜம். இம்மூன்றும் மாறி மாறி ஆதார சுருதியாகிக்கொண்டே இருந்தால் எப்படி இருக்கும்? தம்பூரா சில நொடிக்கு ஒருமுறை தன் சுருதியை மாற்றிக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த வேகத்தில், ஒரு சுரமும் பிசகாமல், கற்பனை செய்ய வேண்டும். முன்னறிவிப்பு அதிகம் இன்றி உடன் வாசிக்க நேர்ந்த டாமி ஃப்ளானகன் என்னும் தேர்ந்த பியானோக் கலைஞரே அப்பதிவில் தடுமாறுவதை இன்றும் கேட்கலாம். இதற்குமேல் கட்டுப்பாடான இசை உண்டோ? கட்டுப்பாட்டின் கடைசிப் படி வரை ஏறிய ஒருவர்தாம் பின்னர்க் கட்டற்ற இசைக்குப் போனார். இதை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

புகழின் உச்சி

1960-இல் கோல்ட்ரேன் தம் சொந்தக் குழுவை அமைத்தார். பியானோவுக்கு மக்காய் டைனர், முழவுக்கு எல்வின் ஜோன்ஸ். சிறிது காலம் கழித்துப் பெருந்தந்தி வாத்தியத்துக்கு ஜிம்மி காரிசன் வந்து சேர்ந்தார். அவ்வாண்டு அக்டோபரில் பதிவு செய்த 'மை ஃபேவரிட் திங்ஸ்' அவரை வீடுதோறும் கொண்டுசென்றது. நாடக மேடையில் பாடும் ஒரு சிறு பாட்டு அது. கோல்ட்ரேன் அதைச் சோப்ரானோ சாக்ஸபோனில் எடுத்து, சுரக்கூட்டுகளின் நெரிசலை நீக்கி, ஏறக்குறைய ஒரே ஆதாரத்தின்மேல் நிறுத்தி, 13 நிமிடத்துக்கு மேல் ஆலாபனை செய்தார். சோப்ரானோவின் குரல் நம் நாதஸ்வரத்துக்கு உறவு என்பது என் காதுக்குப் பட்ட உண்மை. ஜாஸ் புதிதாகக் கேட்கும் தமிழ் நண்பர்களுக்கு நான் முதலில் கொடுப்பது இதையே. இதுவரை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

இந்திய இசையின்மீது அவருக்கிருந்த ஈடுபாடு இக்காலத்தில் வளர்ந்தது. இரவிசங்கரின் சிதார்த் தட்டுகளை ஊன்றிக் கேட்டார். 1961 நவம்பரில் வில்லேஜ் வான்கார்டு விடுதியில் 'இந்தியா' என்ற பெயரிலேயே ஓர் உருப்படியை வாசித்தார். தம்பூராவின் வேலையைப் பெருந்தந்தி வாத்தியங்களிடம் ஒப்படைத்து, எரிக் டால்ஃபியின் பாஸ் கிளாரினெட்டோடு உரையாடும் படைப்பு அது. இந்திய இராகம் எதையும் அதில் தேடாதீர்கள், கிடைக்காது. நிலையான ஆதாரத்தின்மேல் நின்று கற்பனை செய்வது என்னும் நம் முறையை அவர் கடன் வாங்கினார், சரக்கு அவருடையதே. கடன் வாங்குவோர் இவ்வாறுதான் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. பின்னர் இரவிசங்கரை நேரில் சந்தித்துப் பாடமும் கேட்டார். 1965 ஆகஸ்டு 6-ஆம் நாள் பிறந்த தம் மகனுக்கு ரவி என்று பெயரிட்டார். அந்த ரவி கோல்ட்ரேனும் இன்று பெயர் பெற்ற சாக்ஸபோன் கலைஞர்.

எதிர்ப்பும் இக்காலத்திலேயே தொடங்கிற்று. 1961-இல் டவுன் பீட் இதழின் விமர்சகர் ஒருவர் கோல்ட்ரேனும் டால்ஃபியும் வாசிப்பது ஜாஸுக்கே எதிரான இசை என்று தீட்டினார். கோல்ட்ரேன் சீறவில்லை. அடுத்த ஆண்டு அதே இதழில் டால்ஃபியும் அவரும் பொறுமையாகத் தம் பக்கத்தை எடுத்துரைத்தனர். இனிய மெட்டுகள் மட்டும் கொண்ட 'பாலட்ஸ்' என்ற தட்டையும், பாடகர் ஜானி ஹார்ட்மனுடன் சேர்ந்து ஒரு தட்டையும் 1963-இல் வெளியிட்டார். விரும்பியிருந்தால் வாழ்நாள் முழுதும் அப்படியே வாசித்துச் செல்வராக இருந்திருக்கலாம்.

அவ்வாண்டு செப்டம்பர் 15-ஆம் நாள், அலபாமா மாநிலத்துப் பர்மிங்ஹாம் நகரில், கறுப்பின மக்களின் தேவாலயம் ஒன்றில் நிறவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டனர். இரண்டு மாதங்களில் கோல்ட்ரேன் 'அலபாமா' என்னும் உருப்படியைப் பதிவு செய்தார். அதில் ஒரு சொல் இல்லை, ஓங்கிய குரல் இல்லை. ஆயினும் கேட்போர் தலை தாமே குனியும். ஒப்பாரியின் மரபை அறிந்த நமக்கு அதை விளக்க வேண்டுவதில்லை.

1964-ஆம் ஆண்டு கோடையில் லாங் தீவிலுள்ள தம் புதிய வீட்டின் மாடியறையில் சில நாட்கள் தனித்திருந்தார். இறங்கி வந்தபோது கையில் ஒரு முழுப் படைப்பு இருந்தது. டிசம்பர் 9-ஆம் நாள் ஒரே அமர்வில் பதிவாகி, 1965-இல் வெளிவந்த 'எ லவ் சுப்ரீம்' அதுவே. இறைவனுக்கு அவர் செலுத்திய நன்றிக் காணிக்கை அது. நான்கு பகுதிகள், நான்காவதில் தாம் இயற்றிய ஒரு துதிப்பாடலைச் சொல் சொல்லாகக் குழலிலேயே ஓதுகிறார். சாகித்தியம் அறிந்து ஊத வேண்டும் என்று நம் நாதஸ்வர வித்துவான்கள் சீடர்களுக்குச் சொல்வது எனக்கு நினைவுக்கு வரும். அவ்வாண்டு டவுன் பீட் வாசகர்கள் வாக்களித்து, ஆண்டின் சிறந்த ஜாஸ் கலைஞராகக் கோல்ட்ரேனையும், சிறந்த தட்டாக இதையும் தேர்ந்தனர். புகழ் மண்டபத்திலும் அவரை ஏற்றினர்.

கரை கடந்த வெள்ளம்

ஒருவர் நிற்கத் தக்க இடம் என்றால் இதுதான். பணம், புகழ், இணையற்ற குழு, இறையருள் பெற்ற மனநிறைவு எல்லாம் கூடியிருந்தன. கோல்ட்ரேன் நிற்கவில்லை. 1965 ஜூன் 28-ஆம் நாள் பதினொரு பேரை ஒரே அறையில் கூட்டி 'அசென்ஷன்' என்னும் உருப்படியைப் பதிவு செய்தார். ஏறத்தாழ நாற்பது நிமிடம். அனைவரும் ஒருங்கே முழங்குவார்கள். அலை வடியும்போது ஒருவர் தனித்து நின்று கற்பனை செய்வார். மீண்டும் அலை எழும்பி அவரை மூடும். இம்முறையே வாசிப்போர் மாறி மாறி வருவர். கூட்டு முழக்கத்துக்கும் தனிக் கற்பனைக்கும் வரிசை உண்டு. முழக்கத்தின் அடியில் சுரவரிசைகளும் உண்டு.

இத்தட்டின் வரலாற்றில் ஒரு சிறு செய்தி, என் வழக்குக்குப் பெரிய ஆதாரம். அன்று இருமுறை வாசித்துப் பதிவு செய்தார்கள். கம்பெனியார் ஒன்றை வெளியிட்டனர். மற்றதே தமக்கு உகந்தது என்று கோல்ட்ரேன் தெரிவிக்க, பின்னர் அச்சான தட்டுகளில் அதுவே சேர்க்கப்பட்டது. வெறும் இரைச்சலாக இருந்தால் இரண்டில் எதை வெளியிட்டால் என்ன? எந்தக் கூச்சல் சிறந்த கூச்சல் என்று யாராவது கவலைப்படுவார்களா? படைத்தவர் காதில் ஓர் ஒழுங்கு கேட்டது. ஒரு பதிவில் அது கூடியது, மற்றதில் கூடவில்லை.

கடைசிக் காலத்து எல்லாத் தட்டுகளுக்கும் நான் வழக்கறிஞன் அல்லேன். 1965 அக்டோபரில் சியாட்டில் நகருக்கருகே பதிவான 'ஓம்' எனக்கு உவப்பாக இல்லை. கீதையின் வரிகளை ஓதித் தொடங்குகிறது. பிறகு ஓலத்தின் உச்சியிலேயே நின்றுவிடுகிறது. ஏற்றம் தெரிய வேண்டுமானால் தாழ்வும் வேண்டும். 'அசென்ஷன்' தட்டில் உள்ள மூச்சு இதில் இல்லை. நம் நாட்டுப் பெயர் தாங்கியது என்பதற்காக அதைப் புகழ வேண்டிய கடமை நமக்கில்லை.

இந்தப் பாதைக்கு அவர் கொடுத்த விலை சிறிதன்று. ஃபாரோ சாண்டர்ஸ் என்னும் இளைஞர் இன்னொரு டெனருடன் வந்தார். இரண்டாவது முழவு வந்தது. தம் பியானோ தமக்கே கேட்கவில்லை என்று மக்காய் டைனர் 1965 முடிவில் விலகினார். சில வாரங்களில் எல்வின் ஜோன்ஸும் போனார். ஜாஸ் உலகின் தலைசிறந்த நால்வர் குழு கலைந்தது. கச்சேரிகளில் பாதியில் எழுந்து போவோர் பெருகினர். இரவிசங்கரும், ஆன்ம நாட்டம் மிக்க ஒருவரின் இசையில் அமைதியைக் காணாமல் கலக்கத்தையே கேட்டு வியந்ததாகப் பின்னாளில் கூறியிருக்கிறார். மேதை ஒருவரின் ஐயம் அது, எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆனால் தேடுபவன் உள்ளத்தில் அமைதிதான் இருக்க வேண்டும் என்று யார் விதித்தது? தேடல் முடிந்தவனுக்கு அமைதி, தேடிக்கொண்டிருப்பவனுக்குத் தவிப்பு. கோல்ட்ரேன் கடைசி நாள் வரை தேடிக்கொண்டிருந்தவர்.

புதிய குழுவில் இரண்டாம் மனைவியான ஆலிஸ் பியானோ வாசித்தார். ரஷீத் அலி முழவு. 1966 ஜூலையில் ஜப்பானில் ஊர் ஊராகக் கச்சேரி செய்தனர். நாகசாகியில் அணுகுண்டு நினைவிடத்துக்குச் சென்று கோல்ட்ரேன் வழிபட்டார். ஹிரோஷிமா எரிந்த நாளில் படையில் சேர்ந்த பழைய மாலுமி அவர். 'பீஸ் ஆன் எர்த்' என்ற உருப்படி அப்பயணத்தில் முக்கிய இடம் பெற்றது. டோக்கியோவில் 'மை ஃபேவரிட் திங்ஸ்' மீண்டும் வந்தது. 1960-இல் 13 நிமிடமாக இருந்த பாட்டு, இப்போது ஏறக்குறைய ஒரு மணி நேரம். பழைய மெட்டு எங்கே என்று கேட்போர் தேடத்தான் வேண்டும். ஆயினும் அது உள்ளே இருக்கிறது. தொலைவில் தெரியும் கோபுரம் போல இடையிடையே தலை காட்டுகிறது.

என் தீர்ப்பு

1967 பிப்ரவரி 22-ஆம் நாள் கோல்ட்ரேனும் ரஷீத் அலியும் இருவர் மட்டும் அமர்ந்து சில உருப்படிகளைப் பதிவு செய்தார்கள். செவ்வாய், வெள்ளி, வியாழன், சனி என்று கிரகங்களின் பெயர் கொண்டவை அவை. 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' என்ற பெயரில் 1974-இல்தான் வெளிவந்தன. கட்டற்ற ஜாஸ் தட்டுகளில் முதலிடம் எதற்கு என்று என்னைக் கேட்டால், தயங்காமல் இதற்குத்தான் கொடுப்பேன்.

நான் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு சிற்றூரில் பிறந்தவன். எட்டு வயதில், தந்தையாரின் இரயில்வே உத்தியோகம் காரணமாக நாகபுரிக்கு வந்தோம். ஊர்க் கோயில் திருவிழாவில் சுவாமி புறப்பாட்டின்போது கேட்ட நாதஸ்வரமும் தவிலும்தான் நான் அறிந்த முதல் இசை. சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்தார் நாதஸ்வரப் பதிவு ஒன்றைப் போட்டார்கள். பிறமொழி நண்பர்கள் சிலர் காதைப் பொத்திக்கொண்டு, இது என்ன இரைச்சல் என்று கேட்டார்கள். நமக்கு முகம் சிவந்தது. தவிலின் ஒவ்வொரு சொல்லிலும் கணக்கு இருக்கிறது என்று அவர்களுக்கு விளக்க எத்தனை பாடுபட்டோம்!

'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' என்பதும் ஒரு குழலும் ஒரு முழவுந்தான். சலங்கை மணிகளின் ஒலி எழுகிறது. குழல் ஒரு சிறு சொற்றொடரை முன்வைக்கிறது. பிறகு அதையே உடைத்து, புரட்டி, ஆதாரம் விட்டு ஆதாரம் தாவி, மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் தானே வினாவும் விடையுமாகப் பேசுகிறது. முழவு சீரான அடியைப் போடாமல், குழலைச் சுற்றிச் சுழல்கிறது. முடிவில் சொற்றொடர் திரும்பி வருகிறது, மணி ஒலிக்கிறது. 'ஜயண்ட் ஸ்டெப்ஸ்' காலத்துச் சாதகம் முழுதும் இதில் இருக்கிறது. சாரத்தைப் பிரித்துவிட்டார், கட்டடம் நிற்கிறது. 'வீனஸ்' என்ற பகுதியை மூன்று முறை கேளுங்கள். மூன்றாம் முறை அதன் மெட்டை உங்கள் வாய் முணுமுணுக்கும்.

பௌதிகத்தில் இரைச்சலுக்கு ஓர் இலக்கணம் உண்டு. எவ்வளவு கேட்டாலும் அடுத்து வருவதைப் பற்றி ஒன்றும் சொல்லாத ஒலியே தூய இரைச்சல். கேட்கக் கேட்க அடுத்ததை எதிர்நோக்க வைக்கும் ஒலி இரைச்சல் ஆகாது. இந்த அளவுகோலில் 'ஓம்' எனக்குத் தோற்கிறது, 'அசென்ஷன்' தேறுகிறது, 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்' முதல் வகுப்பில் தேறுகிறது. நாம் கல்லாத ஒழுங்கை இரைச்சல் என்பது எளிது. தவிலுக்காக வழக்காடிய நாம், கோல்ட்ரேனுக்கு மட்டும் அந்தப் பொறுமையை மறுப்பது நியாயமன்று.

மறைவும் மரபும்

அவ்வாண்டு ஜூலை 17-ஆம் நாள் லாங் தீவில் ஹண்டிங்டன் நகர மருத்துவமனையில் கல்லீரல் புற்றுநோயால் கோல்ட்ரேன் காலமானார். நாற்பது வயது, நாற்பத்தொன்றுக்கு இரண்டு மாதம் குறைவு. நியூயார்க்கின் புனித பேதுரு லூத்தரன் ஆலயத்தில் நடந்த இறுதிச் சடங்கில் ஆர்னெட் கோல்மனும் ஆல்பர்ட் அய்லரும் தத்தம் குழுவுடன் வாசித்தனர். கட்டற்ற ஜாஸின் இரு தூண்கள் தம் தோழருக்குச் செலுத்திய அஞ்சலி அது. இளைஞர்களுக்குக் கைகொடுப்பதில் அவர் தாராளமானவர்; ஆர்ச்சி ஷெப் முதலியோர்க்குத் தம் தட்டுக் கம்பெனியில் இடம் பெற்றுத் தந்தவர் அவரே.

கணவர் மறைந்த துயரில் ஆலிஸ் கோல்ட்ரேன் சுவாமி சச்சிதானந்தரை அடைந்தார். அந்தச் சுவாமி கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிப்பாளையத்தில் பிறந்தவர். 1971-இல் ஆலிஸ் வெளியிட்ட 'ஜர்னி இன் சச்சிதானந்தா' என்ற தட்டின் பெயர் அவரைக் குறிப்பது. அதில் தம்பூரா ஒலிக்கிறது. சாண்டர்ஸ் சோப்ரானோ ஊதுகிறார். கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றின் பிள்ளை ஜாஸ் வரலாற்றில் இடம்பெற்ற கதை நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? 2007-இல் புலிட்சர் பரிசுக் குழுவினர் கோல்ட்ரேனுக்கு மறைவுக்குப் பிந்திய சிறப்பு விருது அளித்தனர். எழுந்து போனவர்களின் தலைமுறை மாறி, எழுந்து நின்று கைதட்டும் தலைமுறை வந்துவிட்டது.

அவர் வாழ்க்கையில் நான் காண்பது ஒன்றுதான். கைதட்டல் கிடைத்த இடத்தில் அவர் குடியிருக்கவில்லை. மூன்று முறை அத்தகைய இடம் வாய்த்தது. மூன்று முறையும் சாமானைக் கட்டிக்கொண்டு கிளம்பினார். அதனால் இழந்தவையும் உண்டு, சறுக்கியவையும் உண்டு. ஆராய்ச்சிக்குத் தலைப்புத் தேடும் பருவத்தில் இருக்கும் என் போன்றோருக்கு, விடை தெரிந்த கணக்கையே மீண்டும் போட்டுப் பார்ப்பதில் உள்ள சுகமும் தெரியும், அதன் வறுமையும் தெரியும்.

கேட்க விரும்பும் நண்பர்கள் 'பாலட்ஸ்' தட்டில் தொடங்குக, பிறகு 'மை ஃபேவரிட் திங்ஸ்', பிறகு 'அலபாமா'வும் 'எ லவ் சுப்ரீம்' தட்டும், அதன்பின் 'அசென்ஷன்', இறுதியில் 'இன்டர்ஸ்டெல்லர் ஸ்பேஸ்'. வரிசை மாறாமல் கேட்டால், ஒரு மனிதர் நடந்த வழியிலேயே நாமும் நடந்து போகலாம். அவசரம் வேண்டாம், அவருக்கே அவ்வழி பத்தாண்டு பிடித்தது.